ராணிக்குப் பெயரில்லை: போர்த்தலங்கள், சுற்றுலா, பெண் வரலாறு

1

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தால் முருகன் கோயில்களில் எல்லாம் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் நடக்காது. போர் முடிந்து, கோபம் தணிந்து, முருகன் வந்து அமர்ந்த இடம் இது என்பது தலபுராணம். செருத்தணி என்பதே திருத்தணி ஆயிற்று என்பார்கள். செரு என்றால் போர். அன்றைக்கு இங்கே புஷ்பாஞ்சலிதான். பக்தியின் மொழியைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால், இந்த மலை ஒரு போருக்குப் பிந்தைய தலம். வென்றவன் தன் மனதை ஆற்றிக்கொள்ள வந்த இடம். அவனைப் பார்க்க ஜனங்கள் படியேறுகிறார்கள்.

தோற்றவன் வீட்டில் என்ன நடந்தது? கந்தபுராணத்தில் சூரபன்மனின் மனைவி பதுமகோமளை, கணவன் முடிந்தான் என்று கேட்டதும் உயிரை விடுகிறாள். அதற்குமேல் பிரதிக்கு அவளிடம் வேலையில்லை. வென்ற பக்கத்திலோ, இந்திரன் நன்றிக்கடனாகத் தன் மகள் தெய்வயானையைக் கொடுக்கிறான். போரின் ஒரு முனையில் செத்துப்போகிற பெண், மறுமுனையில் கொடுக்கப்படுகிற பெண். நடுவில் இருந்த பெண்கள், அதாவது சாகவும் இல்லாமல் பரிசாகவும் ஆகாமல் மறுநாள் காலை எழுந்து தண்ணீருக்குக் குடம் எடுத்துப் போனவர்கள், கதையாடலுக்கு வெளியே நிற்கிறார்கள். புராணத்துக்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். தொல்லியல் துறையின் பலகைக்கும், சுற்றுலாத் துறையின் துண்டுப் பிரசுரத்துக்கும், நம் முற்போக்கு மேடைகளின் வீரவணக்கத்துக்கும் இதே இலக்கணம்தான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நான் இருக்கிற கே.ஜி.கண்டிகையிலிருந்து மேற்கே போனால் சோளிங்கர். 1781 செப்டம்பர் 27-ல் அயர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் அங்கே மோதின. அதையும் தாண்டிப் போனால் ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர். ஒருநாள் பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடுகிற இந்த வட்டாரம் முழுக்கப் போர்களால் எழுதப்பட்ட நிலம். போர் நடந்த இடத்தையும் கொலை நடந்த இடத்தையும் பார்க்கப் போவதற்கு மேலைநாட்டு ஆய்வாளர்கள் 1990-களின் மத்தியில் 'இருண்ட சுற்றுலா' என்று ஒரு பெயர் வைத்தார்கள். பெயர் புதுசு, காரியம் பழசு. நடுகல்லைப் பார்க்கப் போனவன், பள்ளிப்படையில் விளக்கேற்றியவன், மாசதிக் கல்லுக்கு மஞ்சள் பூசியவள் எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். புதிதாக வந்திருப்பவை நுழைவுச்சீட்டும் பலகையும். பலகை ஒரு பிரதி. அதை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்பது விமரிசனத்தின் வேலைதான்.

2

ராணிப்பேட்டையிலிருந்து தொடங்கலாம். 1714-ல் செஞ்சியின் தேஜ்சிங், நம் நாட்டுப்பாடல் வழியே தேசிங்கு ராஜா, ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதிச் சாகிறான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறுகிறாள். அவள் நினைவாக நவாப் பாலாற்றங்கரையில் ஒரு ஊரை உண்டாக்கினான் என்பது வெள்ளைக்காரர் தொகுத்த மாவட்டக் குறிப்புகளிலிருந்து இன்றைய பள்ளிக்கூட ஆண்டுமலர் வரை திரும்பத் திரும்ப வருகிற செய்தி. 2019-ல் ராணிப்பேட்டை தனி மாவட்டமும் ஆகிவிட்டது. எரிந்துபோன ஒரு பெண்ணின் பேரில் ஒரு மாவட்டமே நடக்கிறது.

அவள் பேரில் என்றா சொன்னேன்? அவள் பேரில் இல்லை. 'ராணி' என்பது பேரல்ல. அது ராஜாவின் மனைவி என்ற பதவி. ஒரு ஊருக்கே பேர் கொடுத்தவளுக்கு அந்த ஊரில் பேர் இல்லை. நாட்டுப்பாடல் ராணிபாய் என்கிறது. அதுவும் அதே பதவிச் சொல்லோடு ஒரு மரியாதை விகுதி சேர்ந்ததுதான்.

சதி பற்றி காயத்ரி ஸ்பிவக் 1988-ல் எழுதிய கட்டுரை நம் சூழலில் அதிகம் பேசப்பட்டது. காலனியவாதியின் குரலும் சனாதனியின் குரலும் ஒன்றையொன்று தாங்கி நிற்க, நடுவில் எரிகிறவளின் குரல் கேட்கவே இடமில்லாமல் போகிறது என்பது அதன் சாரம். லதா மணி 1998-ல் வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த விவாதம் முழுக்க 'மரபு எது' என்பதைப் பற்றியதே தவிரப் பெண்ணைப் பற்றியதல்ல, பெண் அந்த விவாதம் நடக்கிற களம் மட்டுமே என்று காட்டியது. ராணிப்பேட்டைக் கதையில் இன்னொரு சுருக்கம் இருக்கிறது. இங்கே வெள்ளைக்காரன் இல்லை. தோற்ற இந்து அரசனின் மானம், வென்ற முஸ்லிம் நவாபின் பெருந்தன்மை என்ற இரண்டு ஆண் அறங்கள் கை குலுக்கிக்கொள்கின்றன. மத நல்லிணக்கத்துக்கு உதாரணம் என்று நம் தோழர்களே இந்தக் கதையைச் சொல்வதுண்டு. நல்லிணக்கம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைகுலுக்கல் ஒரு சிதையின் மேலாக நடக்கிறது என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? எதிரியின் மனைவி உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கு ஊர் கிடைத்திருக்காது. செத்ததால் கிடைத்தது. அதுவும் நெருப்பில் செத்ததால்.

இன்றைய ராணிப்பேட்டை தோல் தொழிலின் ஊர். மூடிக் கிடக்கிற குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் குவிந்து நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. காலணிக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஏராளம். காலையில் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிற அவர்களை 'ராணியின் ஊர்ப் பெண்கள்' என்று எந்தப் பிரசுரமும் சொல்லாது. அந்த ஊரின் பெண் வரலாறு 1714-ல் ஒரு மத்தியானத்தில் தொடங்கி அன்றைக்கே முடிந்துவிட்ட மாதிரிதான் எழுதப்படுகிறது.

3

வேலூர்க் கோட்டை வேறு மாதிரி. இங்கே காகிதம் நிறைய இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற உத்தரவு உடனடிக் காரணம். மே மாதத்தில் அதை எதிர்த்தவர்களில் இரண்டு பேருக்குத் தலைக்கு 900 கசையடி. ஜூலையில் 69-ம் ரெஜிமெண்டின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கு மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு, இந்தியச் சிப்பாய்கள் சுமார் 350 பேர் கொல்லப்பட்டார்கள். அரண்மனைக்குள் ஒளிந்தவர்களை இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். 2006-ல் இருநூறாவது ஆண்டுக்குத் தபால்தலை வந்தது. 1857-க்கு 51 வருஷம் முந்தி என்ற கணக்கு அன்றைக்கு மேடைக்கு மேடை சொல்லப்பட்டது. வடக்கே எழுதப்பட்ட தேசிய வரலாற்றின் மையத்தை உடைக்க அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் 'யார் முதல்' என்ற ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறவர்கள் எல்லாருமே ஆண்கள். கலகத்தின் காரணமும் ஆணின் முகம்: அவன் நெற்றி, அவன் மீசை தாடி, அவன் தலை.

பெண்கள் எங்கே? கோட்டைக்குள்ளேயே இருந்தார்கள். ஒருத்தர் இரண்டு பேர் அல்ல. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது திப்புவின் அந்தப்புரத்திலும் ஹைதரின் அந்தப்புரத்திலுமாகச் சுமார் 600 பெண்கள் இருந்தார்கள். 1802-ல் அவர்களில் பெரும்பாலோர் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஜெனிஃபர் ஹவ்ஸ் 2021-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தப் பெண்களையே மையமாக வைத்து எழுதப்பட்டது. மைசூர் குடும்பத்தின் உதவித்தொகையைப் பட்டுவாடா செய்ய தாமஸ் மேரியட் என்ற அதிகாரி வேலூரில் இருந்தார். கம்பெனியின் காகிதத்தில் இந்தப் பெண்கள் ஏறுவதே செலவுக் கணக்காகத்தான். அப்புறம், கலகம் நடந்தபின், சந்தேகமாக.

கலகத்துக்கு முந்தின நாள் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். கூட்டம் கூடுவதற்கு அது மறைப்பாக உதவியது என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. கலகத்தைத் திட்டமிட்ட ஆண்களின் பேர்கள், காட்டிக்கொடுத்தவனின் பேர், சுட்ட ரெஜிமெண்டின் எண் எல்லாம் கிடைக்கிற பக்கங்களில் மணப்பெண் வெறும் 'ஒரு மகள்'. அவள் கல்யாணம் வரலாற்றுக்கு ஒரு திரைச்சீலை. அந்தத் திரைக்கு முன்னால் ஆண்கள் நாடகம் நடத்திவிட்டுப் போனார்கள். கல்யாண வீட்டில் மறுநாள் விடியலில் பீரங்கி வெடித்தபோது அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வரலாற்றாசிரியனுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் நம் கேள்வி.

ஒரே ஒரு பெண்ணின் குரல் மட்டும் அந்த இரவிலிருந்து நீளமாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா. கணவன் சுடப்பட்டுச் சாக, இரண்டு குழந்தைகளோடு ஒளிந்து பிழைத்தவர். இரண்டு வாரத்துக்குள் தான் பட்டதை எழுதி வைத்தார். அது 1842-ல் சிட்னிப் பத்திரிகை ஒன்றில் அச்சானது. தாய் ஒருத்தியின் பயம் அந்தப் பக்கங்களில் உண்மையாகவே நடுங்குகிறது. அவர் எஜமானர்களின் பக்கத்துப் பெண் என்பதற்காக நான் அந்த நடுக்கத்தைக் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் ரணஜித் குஹா 1983-ல் சொல்லிக்கொடுத்த பாடத்தை மறக்கவும் முடியாது. கலகத்தை அடக்கியவர்களின் எழுத்தில் கலகக்காரன் ஒரு இயற்கைச் சீற்றம் மாதிரி, காரணமில்லாத இருட்டு மாதிரிதான் வருவான். அமீலியாவின் பிரதியிலும் அப்படித்தான். அதோடு, அந்த வீட்டில் வேலை செய்த பெண்கள் அவர் எழுத்தில் பேர் இல்லாமல் வந்துபோகிறார்கள். அதே இரவு, அதே பயம், அதே சுவர்கள். ஒருத்தி எழுதினாள், ஏனென்றால் அவளுக்கு எழுதத் தெரியும். அதைவிட முக்கியமாக, எழுதினால் வாசிக்க ஒரு சாம்ராஜ்யம் காத்திருந்தது. மற்றவள் பேசியிருப்பாள், பேட்டைக்குப் போய் அக்கம்பக்கத்தில் 'ராத்திரி பூரா பட்ட பாடு' என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அதைக் குறித்துக்கொள்ள ஆளில்லை. 'பெண் அனுபவம்' என்று ஒற்றைச் சொல்லில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மௌனத்துக்கும் வர்க்கம் உண்டு, சாதி உண்டு, நிறம் உண்டு.

கோட்டைக்கு வெளியே திப்பு குடும்பத்தாரின் கல்லறைகள் இருக்கின்றன. ஹைதரின் மனைவி பக்ஷி பேகம் 1806-லும், திப்புவின் மனைவி பாத்ஷா பேகம் 1834-லும் இறந்தார்கள். கலகம் முடிந்ததும் இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு ஏற்றிவிட்டார்கள். பாத்ஷா பேகம் அதற்குப் பிறகும் இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கிறார். நம் பலகையில் வேலூர்க் கலகம் ஒரே நாளில், காலை ஒன்பது மணிக்குக் கில்லெஸ்பி வந்ததோடு முடிந்துவிடுகிறது. பெண்களின் காலக்கணக்கில் அது முப்பது வருஷச் சிறை. போர் எப்போது முடிகிறது என்பதை யாருடைய கடிகாரத்தை வைத்துச் சொல்வது?

கோட்டைக்குள் பேகம் மஹால் என்று ஒரு கட்டிடம் இருக்கிறது. பேர் மட்டும் பெண்ணுக்கு. பக்கத்துத் திப்பு மஹாலில் ஈழப் போராளிகளை அடைத்து வைத்திருந்தார்கள். 1995 ஆகஸ்டில் அவர்களில் 43 பேர் சுரங்கம் வெட்டித் தப்பினார்கள். அந்தக் கதையை ஊரில் இன்றைக்கும் ருசித்துச் சொல்வார்கள். கோட்டை என்பதே ஆண்களின் நுழைவும் ஆண்களின் தப்பிப்பும் என்றாகிவிட்டது. தப்பிக்க முடியாமல் இருந்தவர்களுக்குக் கதை இல்லை.

4

பாலாற்றங்கரையில் முத்து மண்டபம். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-ல் பிடிபட்டு, 1816-ல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30-ல் இறந்தான். 1990-ல் தமிழக அரசு நினைவிடத்தைப் புதுப்பித்தது. இலங்கையிலிருந்து சிங்களவர்களும் வந்து பார்க்கிறார்கள், நம்மூர்க்காரர்களும் பார்க்கிறார்கள். நம்மவர்களுக்கு அவன் 'இலங்கையை ஆண்ட கடைசித் தமிழ் மன்னன்'. நாயக்க வம்சத்தவனைத் தமிழனாக்கியதில் இருக்கிற அரசியலை இன்னொரு நாள் பேசலாம்.

கண்டியில் அதே அரசனின் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். எஹலப்பொல என்ற பிரதானி கிளர்ச்சி செய்துவிட்டு வெள்ளையர் பக்கம் ஓடிவிட, 1814-ல் அவன் மனைவி எஹலப்பொல குமாரிஹாமியையும் பிள்ளைகளையும் அரசன் கொன்றான். பிள்ளைகளின் தலையை உரலில் போட்டுத் தாயையே இடிக்க வைத்தான், பிறகு அவளைப் போகம்பரை ஏரியில் மூழ்கடித்தான் என்பது கதை. சின்ன மகன் மத்தும பண்டார அண்ணனுக்கு முன்னால் தானே தலை நீட்டினான் என்று அவனைக் குழந்தை வீரனாக்கிக் கண்டியில் சிலை வைத்திருக்கிறார்கள்.

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு வெள்ளைக்காரன் கண்டியைப் பிடிப்பதற்காக ஊதியது என்ற விவாதம் உண்டு. கணநாத் ஒபேசேகர 2017-ல் எழுதிய நூல் அரசனைக் கொடுங்கோலனாக்கிய பிம்பத்தையே கேள்விக்குள்ளாக்குகிறது. அந்த நியாயமான விவாதத்திலும்கூட வழக்கு அரசன் நல்லவனா கெட்டவனா என்பதுதான். உரல் ஒரு சாட்சிப்பொருள். குமாரிஹாமி அந்தச் சாட்சிப்பொருளைப் பிடித்திருந்த கை. சிங்கள தேசியம் அவள் உடலை எடுத்து 'பார், அந்நிய வடுகன் செய்த கொடுமை' என்கிறது. கம்பெனி அதே உடலை எடுத்து 'நாங்கள் மீட்க வந்தோம்' என்றது. தமிழ்ப் பெருமிதம் அவளை முழுசாக மறைத்துவிட்டு மண்டபத்துக்கு வெள்ளையடிக்கிறது. காட்டுவதும் மறைப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு முறைகள். அவளைக் கைவிட்டு ஓடியவன் கணவன் என்பதை மூன்று பேருமே அழுத்திச் சொல்வதில்லை.

வேலூரில் நின்று ஈழத்துக்குக் கண்ணீர் விடுகிற நாம், நம் பக்கத்து ராஜாவால் செத்த ஒரு சிங்களப் பெண்ணின் பேரை அந்த மண்டபத்தில் எழுதத் துணிவோமா? எழுதினால் என்ன குறைந்துவிடும்? நம் துக்கம் உண்மையானது என்பதற்கு அதுதான் சோதனை என்று நினைக்கிறேன்.

5

இந்த இடத்தில் ஒரு பதில் வரும். 'ஏன், வேலுநாச்சியார் இல்லையா, குயிலி இல்லையா?' இருக்கிறார்கள். 2008-ல் வேலுநாச்சியாருக்குத் தபால்தலை, 2014-ல் சிவகங்கையில் மணிமண்டபம். குயிலி உடம்பில் எண்ணெய் ஊற்றித் தீவைத்துக்கொண்டு வெள்ளையரின் ஆயுதக் கிடங்கில் குதித்தாள் என்ற கதை வாய்மொழியாக வளர்ந்து இன்று மேடையில் நிலைபெற்றிருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் தமக்கென ஒரு வரலாற்று நாயகியைக் கோருவதில் இருக்கிற நியாயத்தை ஆவணம் எங்கே என்று கேட்டு அடிக்கிறவன் நானில்லை. ஆவணம் யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியும். என் கேள்வி வேறு. நெருப்பு ஏன்?

கவனித்துப் பாருங்கள். ராணிப்பேட்டை ராணி நெருப்பில் இறங்கி ஊர்ப்பேர் ஆனாள். குயிலி நெருப்பாகிச் சிலை ஆனாள். போர் வரலாற்றுக்குள் நுழைய ஆணிடம் வாள் கேட்கப்படுகிறது, பெண்ணிடம் உடம்பு கேட்கப்படுகிறது. அதுவும் மிச்சமில்லாமல் எரிந்த உடம்பு. எரிந்த உடம்பு தூய்மையானது. எதிரியின் கை பட்டிருக்காது என்பதற்கு அது உத்தரவாதம். கற்பின் சொல்லாடல் இப்படித்தான் வீரத்தின் உடையைப் போட்டுக்கொண்டு வருகிறது. உயிரோடு பிழைத்த பெண் எல்லா நினைவிடத்துக்கும் சங்கடமானவள். அவளுக்கு என்ன நடந்தது என்ற கேள்வி அவளோடு கூடவே வரும்.

மூன்றாவது நெருப்பு ஒன்று இருக்கிறது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் சேரிக்குள் நிலக்கிழார்களின் ஆட்கள் புகுந்தபோது, ஓடமுடியாதவர்கள் ஒரு குடிசைக்குள் ஒதுங்கினார்கள். 44 பேர் எரிந்தார்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்த நெருப்பு யாரையும் தெய்வமாக்கவில்லை, ராணியாக்கவில்லை. எண்ணாக்கியது. தலித் பெண் எரிந்தால் 44 என்ற கூட்டுத்தொகையில் ஒரு பகுதி. ஒவ்வொரு டிசம்பரிலும் செங்கொடியோடு அங்கே கூடுகிறவர்கள் அதைச் சுற்றுலாவாகச் செய்யவில்லை, அது உண்மை. அந்த வணக்கத்தில் சுரணை இருக்கிறது. ஆனாலும் 'தியாகிகள்' என்ற சொல் ஒரு விஷயத்தை மூடுகிறது. அந்த ராத்திரி குடிசைக்குள் போனவர்கள் ஏன் பெரும்பாலும் பெண்களாகவும் பிள்ளைகளாகவும் இருந்தார்கள்? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயல்வரப்பில் ஓட முடியாது என்பதால். பெண்களையும் குழந்தைகளையும் எரிக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை இருந்ததால். அந்த நம்பிக்கை உடைந்த கணம்தான் வெண்மணியின் வரலாறு. நட்டவளும் களையெடுத்தவளும் அந்த அரைப்படிக்கு உரிமைக்காரி என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தத் தூண் முழுசாகப் பேசும்.

6

ஈழத்துக்கு வருவோம். 2009 மே மாதத்துக்குப் பிறகு ஏ-9 சாலை வழியாகத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வன்னிக்குப் போனார்கள். கிளிநொச்சியில் குண்டு துளைத்த கான்கிரீட் கட்டியிலிருந்து தாமரை மலர்வது போல ஒரு வெற்றிச்சின்னம். விழுந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் நினைவுப்பொருள் கடை. புதுக்குடியிருப்புப் பக்கம் பதுங்கு அறைகளும் நீச்சல்குளமும் காட்சிக்கு. பிரபாகரனின் பதுங்கு வீட்டை 2013-ல் ராணுவமே வெடிவைத்துத் தகர்த்தது. வடக்கில் இருந்த மாவீரர் துயிலும் இல்லங்கள் அதற்கு முன்பே இடிக்கப்பட்டிருந்தன. கோப்பாயில் அந்த இடத்தின் மேலேயே ராணுவத் தலைமையகம் எழும்பியது. அந்தக் கோப்பாயில்தான் 1987 அக்டோபரில் மாலதி இறந்தார், களத்தில் இறந்த முதல் பெண் புலி என்று இயக்கம் கொண்டாடிய பெண்.

பெண் போராளி இரண்டு பக்கத்துக்கும் பிம்பமாகவே பயன்பட்டாள். இயக்கத்தின் சுவரொட்டியில் விடுதலையின் சின்னம். வென்ற ராணுவத்தின் கைபேசியில் எடுக்கப்பட்டு 2011-ல் சேனல் 4 மூலம் உலகம் பார்த்த படங்களில், இறந்த பிறகும் அவமதிக்கப்பட்ட உடல். சுவரொட்டிக்கும் அந்தப் படத்துக்கும் நடுவில் சமைத்தவள், காயத்துக்குக் கட்டுப் போட்டவள், கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட மகளைத் தேடி முகாம் வாசலில் நின்றவள், பிறகு புனர்வாழ்வு என்ற பேரில் தையல் கற்றுக்கொள்ளச் சொல்லப்பட்டவள் எல்லாம் இருக்கிறார்கள். 2010-ல் இலங்கைத் துணை அமைச்சர் ஒருவர் வடக்கிலும் கிழக்கிலும் 89,000 விதவைகள் என்று சொன்னார். எந்த வெற்றிச்சின்னத்தின் பீடத்திலும் அந்த எண் இல்லை.

அதற்கு எதிர்ப்பிரதி ஒன்று தெருவில் எழுதப்பட்டது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் கையில் படங்களோடு உட்கார்ந்தார்கள். நாள்கள் நூறாகி ஆயிரமாகியும் தொடர்ந்தது. காத்திருப்பிலேயே செத்துப்போன தாய்மார்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள்: வெற்றிச்சின்னம் இருக்கிற அதே ஊர். ஒரு இடம் 'எல்லாம் முடிந்துவிட்டது, பார்த்துவிட்டுப் போ' என்கிறது. இன்னொரு இடம் 'முடியவில்லை, என் பிள்ளை எங்கே' என்கிறது. சுற்றுலாத்தலம் ஆவதற்கு ஒரு இடம் கடந்தகாலமாக வேண்டும். அந்தத் தாய்மார்கள் கடந்தகாலமாக மறுத்தார்கள். பெண்வரலாறு என்று நான் தேடுவது இதைத்தான். வீராங்கனை பட்டியலில் இன்னொரு பேர் சேர்ப்பது வேறு வேலை.

7

கடைசியாக, சுற்றுலா வருகிறவர்களைப் பற்றி. நம் சிறுபத்திரிகை உலகத்தில் அவர்களைப் பற்றி ஒரு இளக்காரம் உண்டு. ரத்தம் சிந்திய இடத்தில் புளிசோறு தின்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று. எனக்கு இந்த இளக்காரத்தில் சம்மதமில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் நெசவு வீட்டுப் பெண்ணுக்கு வீட்டைவிட்டு வெளியே ஒரு நாள் என்பது கோயிலும், கோயிலோடு சேர்த்துப் பார்க்கிற கோட்டையும்தான். அகழிக்கரைப் பூங்காவில் புல்லில் கால்நீட்டி உட்கார்கிறாளே, அது அவளுக்கு வருஷத்தில் இரண்டு தடவை கிடைக்கிற ஓய்வு. அதை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு மௌன அஞ்சலி செலுத்தச் சொல்கிற முற்போக்கு எனக்கு வேண்டாம்.

அவர்கள் வெறுமனே பார்த்துவிட்டுப் போவதும் இல்லை. கோட்டைக்குள் ஒரு அம்மா தன் கூட வந்தவளிடம் கேட்டதை நான் கேட்டேன்: 'இன்னாடி, அறுநூறு பொம்பளைங்கன்றான்... இத்தினி பேருக்கு தண்ணி எங்கருந்து வந்துச்சி? தூரமானா எங்க ஒக்காந்திருப்பாளுங்க?' கூட வந்தவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிரதிக்குள் யாரும் கேட்காத கேள்வி அது. கலகத்தின் காரணம் தலைப்பாகை என்று சொல்கிற வரலாற்றைப் பார்த்து, தண்ணீர் யார் இறைத்தார், மலம் யார் அள்ளினார், பிரசவம் யார் பார்த்தார், ஜூலை 10 மாலையில் அந்தச் சுவரைக் கழுவியது யார் என்று கேட்டால், அதே கோட்டை வேறொரு கோட்டையாகத் திறக்கும். இந்தக் கேள்விகளுக்குக் கம்பெனியின் செலவுக் கணக்கிலேயே பாதிப் பதில் கிடைக்கும். அவமானமாக எழுதப்பட்ட கணக்கை எதிர்த்திசையில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். மீதிப் பாதிக்கு இன்று அதே இடங்களில் ஒப்பந்தக் கூலிக்குக் கூட்டிப் பெருக்குகிற பெண்களிடம் பேச வேண்டும். ஊர்வசி புட்டாலியா 1998-ல் பிரிவினை பற்றி வெளியிட்ட நூல் அப்படித்தான் உருவானது: கூட்டங்களிலும் தீர்மானங்களிலும் இல்லாத பிரிவினையை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்.

எனவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிலைகளைப் பற்றியதல்ல. சிலை வைக்க அரசுக்கும் தெரியும், சாதிச் சங்கத்துக்கும் தெரியும். பலகையை மாற்றி எழுதுவோம். வேலூரில் 1806-ன் பலகையில் 'திப்புவின் மகள் திருமணம்' என்ற வரிக்குப் பிறகு அந்தப் பெண்களின் எண்ணிக்கையும், அவர்கள் அங்கே அடைபட்டிருந்த வருஷங்களும் ஏறட்டும். முத்து மண்டபத்தில் குமாரிஹாமியின் பேர் ஏறட்டும். ராணிப்பேட்டையில் பேர் தெரியாத அந்த இளம்பெண்ணைப் பற்றி, 'இவளுக்குப் பேர் இருந்தது, எழுதி வைக்கவில்லை' என்று ஒரே ஒரு வரி ஏறட்டும். பேர் இல்லாததையே எழுதிவைப்பதும் வரலாறுதான்.

அதுவரை அந்த ஊருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் 'ராணிப்பேட்டை எல்லாம் எறங்கு' என்று கத்தும்போது, எந்த ராணி என்று யாராவது ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.